சொல்லிவிட்டு மாறியவர்

இதை எழுதுவதற்கு மூன்று தரம் கொப்பி எடுத்து மூன்று தரமும் மூடி வைத்தவன் நான். முதல் தரம் சிலர் கோபிப்பார்கள் என்று பயந்தேன். இரண்டாம் தரம் அவர்களில் சிலர் வயசு போய் நோயில் கிடந்தார்கள். அந்த நேரத்தில் எழுதுவது அழகில்லை என்று பட்டது. மூன்றாம் தரம் அப்படி ஒரு சாட்டும் இல்லை. என்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இது ஒரு ஹங்கேரிக்காரரைப் பற்றியது. அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தது. அதைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. அவர் பெயரை எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதச் சொல்லியிருப்பார், ஒளிக்கிற ஆள் இல்லை. ஆனால் இதில் வருகிற வேறு ஒருவருக்கும் நான் பெயர் போடாதபோது அவருக்கு மட்டும் போடுவது சரியாகப் படவில்லை.

எண்பத்தைந்தில் நாங்கள் லண்டனில் மனோர் பார்க்கிலிருந்து பிளேஸ்டோவுக்கு வீடு மாறினோம். நான், மனைவி, எட்டு வயசு மகள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். பின்பக்கத்தில் இடுப்பளவு வேலி, அதற்கு அந்தப் பக்கம் அவருடைய பிளம்ஸ் மரம். தனியாள். அறுபதை நெருங்கிய வயசு. ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. நான் பாண் சுடுகிற பேக்டரியில் ஷிப்ட். நாங்கள் கதைத்தது இங்கிலீசில். இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷை என்றபடியால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. அவர் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் மாசமே அவருடைய குணத்தைக் கண்டேன். தெரு முடக்கில் ஒரு குஜராத்திக்காரரின் பேப்பர்க் கடை. நான் பால் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், இவர் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"திங்கட்கிழமையிலிருந்து நான் எதிர்க் கடையில் பேப்பர் வாங்கப் போகிறேன். நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுகிறீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களிடம் போகமுதல் உங்களிடம் சொல்ல வந்தேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இவருக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். திங்கட்கிழமை இவர் எதிர்க் கடையால் பேப்பரோடு வெளியே வந்து, றோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பழைய கடைக்காரருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார். அந்த மனுசனும் கையைக் காட்டினார். சில மாசம் கழிய இவர் பழைய கடைக்கே திரும்பி வந்தார். எதிர்க் கடையில் முதலில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

நான் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"மனோர் பார்க்கிலை நீங்கள் பலசரக்குக் கடை மாத்தினதுக்கு, பழைய கடைக்காரர் கண்டிடுவார் எண்டு ஆறு மாசம் சுத்து றோட்டாலை சாமான் காவிக்கொண்டு வந்தனீங்கள். மழையுக்கையும்."

அன்று தொடங்கியது என்று நினைக்கிறேன் அந்தப் புகைச்சல்.

அவர் தன் நாட்டில் அரசியல்காரர். அதை ஒரே மூச்சில் ஒருநாளும் சொன்னதில்லை. பிளம்ஸ் மரத்துக்குக் கொப்பு வெட்டும்போது கொஞ்சம், வேலிக்கு மேலால் இடியப்பக் கோப்பையைத் திருப்பித் தரும்போது கொஞ்சம். இருபது வயசில் கம்யூனிஸ்டாக இருந்திருக்கிறார். ஊர் ஊராகப் போய், காணியைக் கூட்டுப் பண்ணைக்கு எழுதிக் கொடுங்கள் என்று கமக்காரரிடம் பேசுவது அவர் வேலை. நம்பித்தான் பேசினேன் என்பார். பேசப் பேச அந்தச் சனத்தின் முகம் போன போக்கைப் பார்த்து நம்பிக்கை கழன்றது என்பார். ஐம்பத்தாறில் சனம் எழும்பியபோது அவர் தன் பட்டினத்துக் கட்சிக் கந்தோரில் இரண்டாவது ஆள். றோட்டுக்கு எதிரே நகரசபைக் கட்டடத்தில் எதிர்ப் பக்கத்துக்காரர் கூடியிருந்தார்கள். இவர் தன் மேலாளர் முன்னால் போய் நின்று, "நான் எதிர்ப் பக்கம் போகிறேன், உங்களிடம் முதலில் சொல்கிறேன்" என்றாராம். மேலாளர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டியை வைக்காமல் சொன்னாராம்: "வெளியே குளிர். கோட்டைப் போட்டுக்கொண்டு போ."

ரஷ்ய டாங்கிகள் வந்த பிறகு அந்தக் கோட்டோடுதான் எல்லை கடந்து ஓடியிருக்கிறார். மனைவியிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவள் கூட வரவில்லை. அதைப் பற்றி அதற்குமேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

நாள் தவறாமல் திருநீறு பூசுகிறவன் நான். வெள்ளி தவறினாலும் கோயில் தவறாது. அவர் சாமி கும்பிட்டு நான் காணவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விடுகிற குறட்டை எங்கள் சாமியறைக்குக் கேட்கும். கட்சியை விட்டு ஓடி வந்த மனுசனுக்கு எப்படி இந்த நித்திரை வருகிறது என்று முருகனிடமே கேட்டிருக்கிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு வசந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னுடைய காரில் தன்னை ஓரிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். லண்டனின் மேற்குப் பக்கத்தில் நாடுவிட்டு வந்த ஹங்கேரிக்காரர் கூடுகிற மண்டபம். முப்பது வருசமாக அவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுத்தது இவர்தான். ஹங்கேரியில் இருந்த அரசாங்கத்தோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்பது அவர்களுடைய சத்தியம். நான் பின்கதிரையில் இருந்தேன். இவர் எழும்பிப் பேசினார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் முகங்கள் விளங்கின. ஒரு கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் மேசையில் தட்டித் தட்டிக் கத்தினார். எல்லாரையும்விட உரக்கக் கத்தியது, தலையில் துணி கட்டிய ஒரு மனுசி. அவர் நெஞ்சில் விரலால் குத்திக் குத்திக் கத்தினாள்.

இவர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டுக் கோட்டை எடுத்தார். வாசலில் அந்த மனுசி ஓடி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நான் குறுக்கே போனேன். கசகசா வைத்த கேக்கில் ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி அவருடைய கோட்டுப் பையில் திணித்தாள். திணிக்கும்போதும் ஏதோ சொல்லித் திட்டினாள்.

காரில் கேட்டேன். "என்ன சொன்னீர்கள்?"

"அங்கே அரசாங்கத்துக்குள்ளேயே மாற வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு கதைக்கப் போகிறேன் என்று சொன்னேன். போகமுதல் உங்களிடம் சொல்கிறேன் என்றும் சொன்னேன்."

"அந்த அம்மா?"

"முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் எல்லாம் கழுவுப்பட்டுப் போகும் என்று நினைக்கிறாயா என்று கேட்டாள்." கோட்டுப் பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்துப் பிரித்தார்.

கேக்கில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார். எனக்கு இறங்கவில்லை. துரோகி என்று கத்துகிற வாயும் கேக் சுற்றுகிற கையும் ஒரே ஆளிடம் இருக்கிற சனம். அப்படி ஒரு சனத்தில் பிறக்க இவர் என்ன தவம் செய்தார் என்று வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்று சொல்ல வேண்டும்.

மனைவிக்கு ஒரு தம்பி. ஊரில் நானும் அவனும் ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள். ஓர் இயக்கத்தில் இருந்தான், பிறகு அதைவிட்டு எதிரான இயக்கத்தில் சேர்ந்தான், பிறகு அதையும் விட்டு எண்பத்தெட்டில் லண்டன் வந்து மனோர் பார்க்கில் ஓர் அறையில் இருந்தான். எங்கள் ஊர்ச் சங்கத்தில் அவன் பெயரைச் சொல்லக்கூடாது. துரோகி என்றால் அவன்தான். சங்கத் தலைவரின் அண்ணன் மகன், மச்சான் போய்ச் சேர்ந்த பக்கத்துக்காரர் கையால் செத்தவன். மச்சான் அந்தக் கொலையில் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தான். தலைவர் கெட்டவர் இல்லை. என்னைப் பாண் பேக்டரியில் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

சங்கத்தின் எந்த விழாவிலும் முதலில் மேடையேறித் தேவாரம் பாடுகிறவன் நான். பாடி முடிய மண்டபமே ஒரு கணம் அமைதியாக இருக்கும். படிப்பில்லாத எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே மரியாதை அது. மச்சானை வீட்டுப் படியேறவிட்டால் அது போய்விடும். ஆகவே மனைவியிடம் சொன்னேன், உன் தம்பி இங்கே வரக்கூடாது என்று.

அந்தக் கோடையில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி இரவல் வாங்கப் போனேன். அவருடைய குசினித் தொட்டியில் எங்கள் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர் கழுவிக் கவிழ்த்திருந்தது. மூடியில் என் மாமியாரின் பெயர் வெட்டின கரியர். இடியப்பம் வேலிக்கு மேலால்தான் போவது வழக்கம், அதுவும் கோப்பையில். இது சோறு கறி கட்டுகிற கரியர். முந்தின நாள் புதன். புதன்கிழமைகளில் நான் பகல் ஷிப்ட், வீட்டில் இல்லை. மூன்று நாள் நான் மனுசனாக இல்லை. வாயில் தேவாரம், மனசில் கரியர். மனைவி தலை சீவினாலும் சந்தேகம், சீவாவிட்டாலும் சந்தேகம். அறுபது வயசுக் கிழவன் என்று எனக்கு நானே சொல்வேன். அடுத்த நிமிசம் சுவருக்கு அங்கால் அவர் இருமினால் பல்லைக் கடிப்பேன்.

நாலாம் நாள் அவரே வந்து கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றினார்.

"உன் மனைவியின் தம்பி புதன்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறான். அவள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து அவனோடு இருந்து கதைத்துவிட்டுப் போகிறாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டாள், நானும் ஓம் என்றேன். இனி என்னால் முடியாது. சொல்லப் போகிறேன் என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன்."

பின்னால் மனைவி வந்து நின்றாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள், தமிழில்தான் சொன்னாள்.

"உங்களை நம்பித்தானே வந்தனான் ஐயா. உங்கட நேர்மையை வைச்சு நான் என்ன செய்யிறது?"

அவருக்குப் பாஷை விளங்கவில்லை. தலையைக் குனிந்தார். எனக்கோ முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்லவே கூசுகிறது. அடுத்தது பழைய பொறாமைதான், ஆனால் வேறு இடத்தில். என் மச்சானோடு ஒரு மேசையில் இருந்து சோறு தின்கிறவன் இவன். நான் இல்லை.

அடுத்த புதன் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். மச்சான் எழும்பி, "வாங்கோ அத்தான்" என்றான். மெலிந்து போயிருந்தான். நான் கதிரை நுனியில் இருந்தேன். கிழவர் எங்கள் இரண்டு பேருக்கும் சூப் ஊற்றினார். பிறகு மச்சானைப் பார்த்துத் தன் பாடத்தைத் தொடங்கினார், விட்டுப் போகிறவர்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று.

மச்சான் சிரித்தான். அவன் இங்கிலீஷ் எங்களைவிட நல்லது. "என்னோடு இருந்த ஒருவன் அப்படிப் போய்ச் சொன்னான். நல்ல பெடியன். சொல்லப் போனவன் திரும்பி வரவில்லை. நான் சொல்லாமல் ஓடினேன், அதனால் இங்கே சூப் குடிக்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். "இவருக்குச் சொல்ல ஏலும் அத்தான். இவரைப் போகவிட்டவன் கோட்டும் போடச் சொல்லியிருக்கிறான்."

கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் நான் கொடுத்து வைத்தவன்," என்றார். "இவ்வளவு காலமும் அதைத் துணிச்சல் என்று நினைத்திருந்தேன்."

அந்த ஆவணியில் என் மகள் பெரியபிள்ளையானாள். எங்கள் வழக்கத்தில் முதலில் தாய்மாமன்தான் தேங்காய் உடைத்து, தலையில் பாலும் அறுகும் வைத்து, குடத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். அது அவனுடைய உரிமை. வேறு யார் வார்த்தாலும் தண்ணீர்தான், ஆனால் அது அதுவல்ல. எங்கள் பிள்ளைக்கு ஒரேயொரு தாய்மாமன்.

தலைவர் வீட்டுக்கு வந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். நல்லபடியாகத்தான் கதைத்தார்.

"தம்பி, மண்டபம் எல்லாம் நான் ஒழுங்கு செய்து தாறன். மனிசியும் விடியவே வந்து நிப்பா. ஆனா அந்தாள் வந்தா எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். நானும் வர ஏலாது. என்ரை அண்ணை இன்னும் உயிரோட இருக்கிறார், விளங்குதே?"

"விளங்குது அண்ணை."

"நீர் யோசியும். தேவாரமும் நீர்தானே பாடவேணும்."

அவர் போனபிறகு மனைவி குசினியிலிருந்து வந்தாள். "இஞ்சாருங்கோ, தம்பி உயிரோட பக்கத்து வீட்டுக்கு வந்து போகேக்கை ஆரைக் கொண்டு தண்ணி வாக்கப் போறீங்கள்?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் செய்ததைக் கேளுங்கள். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் மனைவிக்கு இரண்டு விட்ட முறையில் ஓர் அண்ணன் இருந்தார். அவரை மாமனாக நிற்கக் கேட்டேன். கேட்ட அன்றே வேலியடியில் போய்க் கிழவரிடம், ஞாயிறு விடிய ஆறு மணிக்கு உங்கள் பின்வளவைத் தர முடியுமா என்றும் கேட்டேன்.

அவருக்குக் காரியம் விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "இரண்டு தரம் செய்யப் போகிறாயா? ஒன்று உண்மையாக, ஒன்று ஆட்களுக்காக?"

"ஓம்."

"இடம் தருகிறேன். ஆனால் யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வேன்."

"உங்களை ஒருவரும் கேட்கமாட்டார்கள்," என்றேன். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. என் ஆட்கள் நடுவில் அவருடைய நேர்மை செல்லாக்காசு.

அந்த விடியலை மறக்க மாட்டேன். பிளம்ஸ் மரத்தடியில் பிள்ளையைப் பலகையில் கிழக்கே பார்க்க நிறுத்தினோம். அறுகம்புல் கிடைக்கவில்லை, கடையில் கொழும்பிலிருந்து வருகிறது என்றார்கள், வரவில்லை. கிழவரின் வளவுப் புல்லில் நீளமாக இருந்ததைப் பறித்துப் பாலில் போட்டோம். மச்சான் வேட்டி கட்டியிருந்தான். தேங்காய் உடைத்தான். சத்தம் கேட்டுவிடும் என்று நான் மெதுவாக உடைக்கச் சொன்னேன். சாமத்தியத் தேங்காயை மெதுவாக உடைக்கச் சொன்ன தகப்பன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். பிள்ளையின் தலையில் புல்லை வைத்துத் தண்ணீரை வார்த்தான். அவளுக்குக் குளிரில் பல்லடித்தது. "மாமா, போதும்," என்றாள், சிரித்துக்கொண்டு. கிழவர் கோட்டும் தொப்பியுமாகக் குசினி வாசலில் நின்றார். தண்ணீர் வார்த்தபோது தொப்பியைக் கழற்றினார்.

ஒன்பது மணிக்கு எங்கள் பக்கத்து வளவில் வீடியோக்காரர், தலைவர், தலைவரின் மனைவி, சுற்றம் எல்லாரும் நிற்க, மிச்சத்து அண்ணன் இரண்டாவது தரம் வார்த்தார். தேங்காய் படீரென்று உடைந்தது. நடுவில் மூன்றடி வேலிதான். மச்சான் அந்தப் பக்கத்து யன்னல் சேலைக்குப் பின்னால் நின்றான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பின்னேரம் மண்டபத்தில் தேவாரம் பாடினேன். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். கிழவரும் வந்திருந்தார், கழுத்துப் பட்டியோடு. தலைவர் மரியாதைக்கு அவரிடம் போய், எங்கள் சடங்கு பிடித்ததா என்று கேட்டார்.

"மிகவும் பிடித்தது," என்றார் கிழவர். "இரண்டு தரமும்."

தலைவர் அவரை ஒரு கணம் பார்த்தார். தட்டில் இருந்த பலகாரத்தை எடுத்து நீட்டி, "இதையும் சாப்பிட்டுப் பாருங்கள்," என்று சொல்லிவிட்டு அப்பால் போனார். கிழவனின் இங்கிலீஷ் விளங்கவில்லை போலும் என்று நான் மூச்சு விட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு தொடக்கத்தில் கிழவர் தன் நாட்டுக்குத் திரும்பினார். அங்கே தேர்தல் வந்தது. புதுக் கட்சி ஒன்றில் நின்று வென்றுவிட்டார். புறப்படமுதல் தெரு முழுக்க வீடு வீடாகத் தட்டிச் சொன்னார். படம் ஒன்று அனுப்பினார். றெயில் மேடையில் பிள்ளைகள் பூ வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் இவர். பின்பக்கத்தில் எழுதியிருந்தார், தன்னுடைய முதல் கூட்டத்தில் முன்வரிசையில் வந்து இருந்தது அந்தப் பழைய மேலாளர்தான் என்று. அந்தப் படத்தை மனைவி கண்ணாடி அலுமாரியில் வைத்தாள். நான் இரண்டு தரம் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். இரண்டு தரமும் அது திரும்ப அலுமாரிக்கு வந்துவிட்டது.

திரும்பிப் போக அவருக்கு ஒரு ஊர் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அந்த வருசம் வந்த கடிதங்களில் ஆட்கள் ஊரைவிட்டு ஓடுகிற கதைதான் இருந்தது.

தொண்ணூற்று நாலில் நீண்ட கடிதம் வந்தது. மகள்தான் வாசித்துச் சொன்னாள். மறுபடி மாறிவிட்டார். இந்த முறை பழைய கம்யூனிஸ்டுகள் புதுப் பெயரில் நடத்துகிற கட்சிக்கு. நாற்பது வருசத்துக்கு முன் விட்டுப் போன அதே ஆட்கள். தன் கட்சிக்காரரிடம் முதலில் போய்ச் சொன்னாராம். இரண்டு பேர் கை கொடுக்கவில்லை, பத்திரிகைகள் காற்றுப் பார்த்துப் பறக்கிறவன் என்று எழுதின. அந்த வருசத் தேர்தலில் வென்றது அவர் போய்ச் சேர்ந்த கட்சி. தொண்ணூறிலும் அப்படித்தான்.

"அங்கிள் எப்பவும் வெல்லுற பக்கம்தான் போறார் என்ன அப்பா?" என்றாள் மகள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். பார்த்தாயா, இவரும் அவ்வளவுதான் என்று. இரண்டு நாள் அந்தச் சந்தோசத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் சாமியறையில் நிற்கும்போது அது கசந்துவிட்டது. வென்ற பக்கமோ தோற்ற பக்கமோ, அவர் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு பக்கமும் மாறாமல் இருந்த இடத்திலேயே ஒளித்துக்கொண்டிருந்தவன். மச்சானுக்கு உயிர்ப் பயம் இருந்தது. எனக்கு லண்டனில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? எனக்கிருந்தது மைக்கைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம்.

அப்படியிருந்தும் இன்னும் சில வருசம் வாயைத் திறக்கவில்லை.

மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கினோம். மறுபடி தாய்மாமன் நிற்க வேண்டும். மிச்சத்து அண்ணனைக் கேட்கலாம் என்று நான் வாயெடுக்க, மகள் சொன்னாள்: "அப்பா, மாமாதான் நிக்கவேணும். இல்லாட்டி நான் ரெஜிஸ்டர் ஒஃபிஸிலை முடிச்சுக்கொண்டு போறன்."

ஒரு சனிக்கிழமை தலைவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் முருகா முருகா என்றுகொண்டே போனேன். இருக்கச் சொன்னார்கள், நான் இருக்கவில்லை.

"அண்ணை, கலியாணத்துக்கு என்ரை மச்சான்தான் மாமனா நிக்கப்போறார். ஊருக்கு அழைப்புக் குடுக்க முந்தி உங்களிட்டைச் சொல்ல வந்தனான். இன்னொண்டும் சொல்லவேணும். பிள்ளைக்கு அண்டைக்குத் தண்ணி வாத்ததும் அவர்தான். நீங்கள் கண்டது ரெண்டாம் தரம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவரின் மனைவிதான் பேசினார்.

"தம்பி, அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும். நான் அறுகு வைக்கக் கையைக் கொண்டு போறன், பிள்ளையின்ரை தலையிலை முந்தியே புல்லு ஒட்டிக்கொண்டு கிடக்கு. தலையும் தோஞ்ச தலை. வீடியோவிலை தெரியாமல் நான்தான் முந்தானையாலை துடைச்சு விட்டனான்."

"பிறகேன் அக்கா ஒண்டும் கேக்கேல்லை?"

தலைவர் கண்ணாடியைப் போட்டார். "கேட்டா நாங்கள் எழும்பிப் போகவேணும். பிள்ளையின்ரை நாளிலை எப்பிடிப் போறது? நீர் ஒளிச்சீர். நாங்களும் காணாத மாதிரி இருந்தம். அந்த வெள்ளைக்காரக் கிழவன் என்ரை முகத்துக்கு நேரை ரெண்டு தரம் எண்டு சொன்னான், அதையும் நான் விழுங்கினனான். இவ்வளவு வருசமும் அப்பிடித்தானே உம்மோட இருந்தம். இப்ப வந்து வாயாலை சொல்லிப்போட்டீர். இனி நான் என்ரை அண்ணைக்கு என்ன சொல்லுறது, தெரியாது எண்டே?"

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்து போயிருந்தது.

"வராமல் விடுறதுக்குக் குறை நினையாதையும்," என்றார். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

கலியாணத்தில் மூன்று வரிசைக் கதிரை வெறுமையாக இருந்தது. மச்சான் தலைப்பாகையோடு மகளின் பக்கத்தில் நின்றான். படமெடுக்கிறவன் எத்தனை தரம் சொல்லியும் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டேன் என்றான், கண் அப்படிக் கலங்கியிருந்தது. மனைவி பத்து வயசு குறைந்தவள் போல நடந்து திரிந்தாள். நான் தேவாரம் பாடினேன். சங்கத்து விழாக்களில் அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு இளம் பிள்ளை பாடுகிறாள், என்னைவிட நன்றாகப் பாடுகிறாள். அதற்கும் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன்.

கிழவருக்கு இதை மகளைக் கொண்டு எழுதுவித்தேன். பதில் ஒரு சிறு தபால் மட்டையில் வந்தது. சந்தோசம் என்று எழுதிவிட்டு, ஏன் இவ்வளவு வருசம் எடுத்தாய் என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மட்டையைக் கிழிக்க எடுத்து, கிழிக்காமல் வைத்தேன். அவருக்கு அது ஒருநாளும் விளங்காது. அவர் எதிரே நின்று சொல்லும்போது கேட்கிறவனுக்குக் கோபப்படுகிற வசதி இருந்தது. தலைவருக்கு நான் அந்த வசதியையும் கொடுக்கவில்லை, அழத்தான் வைத்தேன். சொன்னது சரியா பிழையா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் ஒரு சொல்லில் சொல்ல ஏலாது. சொன்னேன், அவ்வளவுதான்.

இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வீர்களாக இருந்தால் ஒரு வேண்டுகோள். எங்கள் ஆட்கள் வாயில் ஒரு கதை நாலு வீடு தாண்டினால் ஆள் மாறிப்போகும், எனக்குத் தெரியும். இதை மாற்ற வேண்டாம். ஹங்கேரிக்காரரைச் சாமியாராக்க வேண்டாம். அவர் வென்ற பக்கம் போனவர்தான், சொல்லிவிட்டுப் போனவர்தான், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைவரைக் கெட்டவராக்கினால் அது பெரிய பாவம். அவர் வீட்டுக்காரி முந்தானையால் புல்லைத் துடைத்ததை விட்டுவிடாதீர்கள். நான் துணிந்து சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், பிந்திச் சொன்னேன் என்று சொல்லுங்கள். என் பொறாமையையும் கழிக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் நான் தலைவர் வீட்டுப் படி ஏறியிருக்கவே மாட்டேன்.

வீடியோக் கொப்பி பல வீடுகளில் இருக்கிறது. அதில் தண்ணீர் வார்க்கிறவர் மிச்சத்து அண்ணன். பார்க்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை அப்போது ஏற்கெனவே நனைந்திருந்தாள் என்று.